வாளும் குதிரையும் போதும், ஒரு ஆளைக் காட்டுங்க!

கேள்வி: சரித்திர நாவல்னாலே ஒற்றன், சுரங்கப்பாதை, கடைசில போர்னு போகுது சார். எகிப்து, ரோம் மாதிரி பழைய காலமா இருக்கணும், ஆனா ஒரே ஒரு ஆளோட மனசுக்குள்ள போகணும். எப்படித் தேடறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ராஜா பேரை வச்சுத் தேடாதீங்கம்மா, கதையை யார் சொல்றாங்கன்னு பாருங்க. அரண்மனைக்குள்ளயே இருந்தும் யாரும் கண்டுக்காத ஆள் தன் வாயால சொல்ற கதைன்னா தைரியமா எடுக்கலாம்.

ராபர்ட் கிரேவ்ஸோட 'ஐ, க்ளாடியஸ்' (1934) அந்த ரகம்தான். க்ளாடியஸ் ரோம ராஜகுடும்பத்துல பொறந்தவன், ஆனா கால் விந்தும், பேச்சு திக்கும், பெத்த அம்மாவுக்கே அவனைக் கண்டா ஆகாது. உசுரோட இருக்கணும்னா நொண்டலையும் திக்கலையும் இன்னும் கூட்டிக்கோன்னு ஒரு பெரியவர் புத்தி சொல்றார், சுத்தி இருக்கிறவங்க விஷத்துலயும் கத்தியிலயும் ஒவ்வொருத்தரா போய்ச் சேர, இவன் அசடுன்னு பேர் வாங்கியே தப்பிக்கிறான். கி.பி. 41ல சக்கரவர்த்தி காலிகுலாவைக் கொன்னதும் காவல்படைக்காரங்க இவனைப் பிடிச்சு நீதான் சக்கரவர்த்திங்கறாங்க, அப்போ அவனுக்கு வர்ற நினைப்பு என்ன தெரியுமா, இனிமே நம்ம புக்கை எல்லாரையும் படிக்க வச்சுடலாம்! எழுதறவன் புத்தி எங்க போகும். நிஜ க்ளாடியஸும் எட்ரூரியர்ங்கற பழைய இத்தாலி மக்களோட வரலாற்றை 20 தொகுதியா எழுதினவர், அதுல ஒண்ணுகூட இன்னிக்கு இல்ல.

எகிப்துக்கு மிக்கா வால்டாரி, ஃபின்லாந்துக்காரர், 'தி ஈஜிப்ஷியன்' (1945). அக்நாடன்ங்கற எகிப்து ராஜா காலத்து வைத்தியன் சினுஹே சொல்ற கதை. ஒருத்தி மேல பைத்தியமாகி அப்பா அம்மா வீட்டை மட்டுமில்ல, அவங்களுக்குன்னு வச்சிருந்த கல்லறையையே எழுதிக் குடுத்துடறான், எகிப்துல கல்லறை போச்சுன்னா மறுமையே போச்சு. அப்புறம் அவங்க செத்ததும் பிணத்தைப் பதப்படுத்தற எடத்துல கூலிக்குச் சேர்ந்து, அந்த நாத்தத்துல கிடந்து, தன் கையாலயே அவங்களைப் பதப்படுத்தறான். எந்தப் போர்க்களமும் இதுக்கு ஈடாகாதுங்க. பின்பாதி கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோங்க.

யூர்செனாரோட 'மெமாயர்ஸ் ஆஃப் ஹேட்ரியன்' (1951) பத்தியும் சொல்லணும், சாகப்போற ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன், பின்னால தானும் சக்கரவர்த்தி ஆகப்போற சின்னப்பையன் மார்கஸ் அரேலியஸுக்கு எழுதற நீளக் கடிதம். வசனம் கிட்டத்தட்ட கிடையாது. இதுல ஆரம்பிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க, மூணாவதா வச்சுக்கோங்க.

கேள்வி: இங்கிலீஷ் தகராறு. தமிழ்லயே இருக்கா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஹிந்தி எழுத்தாளர் ராகுல் சாங்கிருத்யாயனோட 'வால்காவிலிருந்து கங்கை வரை', கண. முத்தையா மொழிபெயர்ப்பு. 20 கதை, கி.மு. 6000ல ரஷ்யாவோட வால்கா ஆத்தங்கரையில தொடங்குது. ஆனா ஒண்ணு, அவருக்கு ஆளை விட சமூகம்தான் முக்கியம், ஒருத்தர் மேல பிரியம் வர்றதுக்குள்ள கதை முடிஞ்சு அடுத்த யுகத்துக்குப் போயிடுவார். திண்டுக்கல் வாசகி கேட்டது இது இல்ல, உங்களுக்கு ஓகேன்னா எடுங்க.