ஜெர்மனியில் ரயில், மிதிவண்டி, நடை மூன்றையும் இணைத்துப் பயணம் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், ஆனால் எந்த ரயிலில் மிதிவண்டியை ஏற்றலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசிஇ எனப்படும் அதிவேக ரயில்களுள் சிலவற்றில் மட்டுமே அதற்கு இடம் உண்டு, முன்பதிவும் கட்டாயம். வட்டார ரயில்களிலோ மிதிவண்டிப் படம் ஒட்டிய பெட்டியில் பெரும்பாலும் முன்பதிவின்றி ஏறிக்கொள்ளலாம் என்றாலும், இடம் நிறைந்துவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கோடைகால வார இறுதிகளில் இதை எதிர்பார்த்தே கிளம்புங்கள். 2023 மே மாதம் அறிமுகமான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்னும் மாதச் சந்தா நாடெங்கும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் செல்லும், ஐசிஇயில் செல்லாது. மிதிவண்டிக்குப் பொதுவாகத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். மடித்துவைத்த மடக்கு வண்டிக்கு அது தேவையில்லை.

முதல் பயணத்துக்கு டிரெஸ்டனிலிருந்து எல்பே ஆற்றின் மேல்நோக்கிச் செல்லும் பாதையையே பரிந்துரைப்பேன். பிர்னா, ராதென், பாட் ஷான்டாவ் ஊர்கள் வழியாக மிதிவண்டிப் பாதையும் எஸ்1 புறநகர் ரயிலும் ஆற்றை ஒட்டியே செல்வதால், கால் வலித்தாலோ மழை பிடித்தாலோ அடுத்த நிலையத்தில் ரயிலேறிவிடலாம். ராதெனில் வண்டியைப் பூட்டிவைத்துவிட்டு, வடத்தில் கட்டப்பட்டு, எஞ்சின் இன்றி நீரோட்டத்தின் விசையாலேயே நகரும் படகில் அக்கரை சேர்ந்தால், 1851இல் கட்டப்பட்ட கல்பாலம் உள்ள பாஸ்டை பாறைகளுக்கு நடந்தே ஏறலாம். படிகள் செங்குத்தானவை, மிதிவண்டிக் காலணி அங்கே உதவாது.