குக்கீஸ் ஏன் பரவுகிறது?

கேள்வி: பண்டிகை விடுமுறைக்கு வீட்டிலேயே குக்கீஸ் செய்கிறேன். ஓவனில் வைத்ததும் எல்லாம் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மாவு கூடுதலாகச் சேர்க்கலாமா?

பதில்: மாவை அள்ளிப் போடாதீர்கள், அப்புறம் கல் மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் வெண்ணெய்தான் காரணம். அது 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால், இளகிப்போன வெண்ணெயில் பிசைந்த மாவு, விளிம்பு வெந்து இறுகுவதற்கு முன்பே வழிந்து ஓடிவிடுகிறது. வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் மினுக்கக் கூடாது, அந்தப் பதம் போதும். உருட்டிய மாவை அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான டிரேயில் அடுத்த ஈடு வைக்கவே வைக்காதீர்கள், அவசரத்தில் பலரும் செய்வது இதுதான். 180 டிகிரியில் ஓரம் பொன்னிறமானதும், நடுவில் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். டிரே சூட்டிலேயே மீதி வெந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள்.