கட்டிக்குள்ள ஆக்ஸிஜன் கம்மியா இருக்கறத எப்படி கண்டுபிடிக்கிறாங்க? உங்க கேள்விங்களுக்கு பதில்

பயாப்ஸி ஸ்லைடு பாக்கறதுதான் என் வேலை. கேட்டவங்க எல்லாருக்கும் இங்கயே சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு விரல்ல க்ளிப் மாட்டினா 98 காட்டுது, ஆனா கட்டியில ஆக்ஸிஜன் இல்லங்கறாங்க, எப்படி?

பதில்: ரெண்டும் வேற வேற தம்பி. க்ளிப் காட்டறது ரத்தம் எவ்ளோ ஆக்ஸிஜன் சுமந்துட்டு வருதுன்னு மட்டும்தான், அது கட்டிக்குள்ள போய் சேந்துச்சான்னு அதுக்கு தெரியாது. கட்டி அவசர அவசரமா வளரும்போது ரத்தக்குழாய் கோணல்மாணலா, ஒழுகற மாதிரி முளைக்கும், அதுலயும் ஒரு குழாயிலருந்து ஆக்ஸிஜன் ஊறிப் போற தூரமே 100லருந்து 200 மைக்ரான்தான், கிட்டத்தட்ட ஒண்ணு ரெண்டு தலைமுடி தடிமன்னு வச்சுக்கோங்க. அதுக்கும் தள்ளி இருக்கற செல்லுங்க மூச்சு முட்டித்தான் கிடக்கும். அந்த மாதிரி செல்ல ரேடியேஷன்ல கொல்ல இரண்டரைலருந்து 3 மடங்கு டோஸ் ஆகும், டாக்டருங்க இத பத்தி கவலைப்படறது அதனாலதான்.

கேள்வி: ஹிஃப்-1 ஆல்ஃபா பாத்தா போதும்னு படிச்சேன், சரியா?

பதில்: போதாதுங்க. ஹிஃப்ங்கறது ஆக்ஸிஜன் கம்மியானா செல்லுக்குள்ள சேர்ற ஒரு புரோட்டீன். ஆக்ஸிஜன் இருக்கறப்ப செல்லு ஹிஃப்ப செஞ்சுகிட்டே இருக்கும், ஒரு என்சைம் ஆக்ஸிஜன வச்சு அது மேல குறி போடும், விஹெச்எல்னு ஒரு புரோட்டீன் குறிய பாத்து பிடிச்சு அழிக்க அனுப்பிடும், ஆயுசே சில நிமிஷம்தான். ஆக்ஸிஜன் இல்லன்னா குறி விழாது, ஹிஃப் சேந்துடும். (இத கண்டுபிடிச்ச கெய்லின், ராட்க்ளிஃப், செமன்ஸா மூணு பேருக்கும் 2019ல நோபல்.) அழகான கதைதான், ஆனா ஸ்லைடுல தொல்லை. ஆபரேஷன்ல ரத்த ஓட்டத்த கட்டினதுக்கப்புறம் எடுத்த துண்டு ஃபார்மலின்ல விழ லேட்டாச்சுன்னா, நாம பாக்கறது கட்டியோட நிலைமையா இல்ல அந்த லேட்டோட விளைவான்னே சொல்ல முடியாது. அதனால ஹிஃப் கிளப்பிவிடற சிஏ-9, குளுட்-1 மாதிரி கொஞ்சம் நின்னு நிலைக்கற புரோட்டீனயும் சேத்து பாப்போம்.

கேள்வி: மாமாவுக்கு கிட்னி கேன்சர், சிஏ-9 ரொம்ப பாசிட்டிவ்னு ரிப்போர்ட். ஆக்ஸிஜனே இல்லையா அப்ப?

பதில்: பயப்படாதீங்க, அதுக்கு அந்த அர்த்தம் இல்ல. கிளியர் செல் வகையா இருந்தா பெரும்பாலும் விஹெச்எல் ஜீனே கெட்டுப்போயிருக்கும், அழிக்க ஆள் இல்லாததால ஆக்ஸிஜன் இருந்தாலும் ஹிஃப் ஏறும், சிஏ-9ம் ஏறும். அங்க அது எந்த வகை கட்டின்னு சொல்ற அடையாளம்.

கேள்வி: ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுக்க முடியாதா மேடம்? ஊசி குத்தி குத்தி அம்மா நொந்துட்டாங்க.

பதில்: எல்லாரும் ஆசைப்பட்டது இதுக்குத்தான்மா. ஆஸ்டியோபான்டின்னு ரத்தத்துல அளக்கற ஒரு புரோட்டீன் மேல பெரிய நம்பிக்கை இருந்துச்சு, 2005ல டென்மார்க் ஆய்வுல தலை கழுத்து கேன்சர்காரங்கள்ல இது ரத்தத்துல அதிகமா இருந்தவங்களுக்கு ரேடியேஷனோட நிமோரசோல் மாத்திரை (ஆக்ஸிஜன் கம்மியான செல்லுலயும் ரேடியேஷன் நல்லா வேலை செய்ய கொடுக்கறது) கொடுத்தப்ப பலன் தெரிஞ்சுது. அப்புறம் டிராப்பசமைன்னு வேற மருந்த வச்சு நடந்த பெரிய ட்ரையல்ல பாத்தா அந்த கணக்கு ஒத்து வரல. எல்டிஹெச்ங்கற என்சைம்? லிவர் கெட்டாலும் ஏறும், தசை அடிபட்டாலும் ஏறும், ட்யூபுல ரத்த செல்லு உடைஞ்சாலும் ஏறும். ரத்தக்குழாய வளர வைக்கற வெஜ்எஃப் புரோட்டீன் இன்னும் மோசம், ரத்தம் உறையறப்ப பிளேட்லெட் வேற அத கொட்டும், அதனால உறைஞ்சப்புறம் எடுக்கற சீரம்ல ஒரு நம்பர், உறைய விடாம எடுக்கற பிளாஸ்மாவுல ஒரு நம்பர் வரும். தனியா காசு கட்டி இதெல்லாம் எடுக்காதீங்க.

கேள்வி: அப்ப நேரா அளக்க வழியே இல்லையா?

பதில்: இருக்கு. மெல்லிசான எலக்ட்ரோட கட்டிக்குள்ளயே குத்தி அளக்கலாம், 10 மில்லிமீட்டர் மெர்குரிக்கு கீழ போனா கம்மின்னு எடுத்துக்குவாங்க, ஆனா ஊசி எட்டற இடத்துல கட்டி இருக்கணும். பிமோனிடசோல்னு ஒரு மருந்த முன்னாடியே கொடுத்துட்டு பயாப்ஸி எடுத்தா ஆக்ஸிஜன் கம்மியான உயிரோட இருக்கற செல்லுல மட்டும் ஒட்டிக்கும், செத்த இடத்துல ஒட்டாது, எனக்கு பிடிச்சது இதுதான், ஆனா இன்னும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு. எஃப்மைசோன்னு கதிர்வீச்சு மருந்து போட்டு எடுக்கற பெட் ஸ்கேனும் கிட்டத்தட்ட அதே கெமிஸ்ட்ரிதான், குத்தாமலே முழு கட்டியையும் காட்டும்.

கேள்வி: ஒரு பயாப்ஸியில இல்லன்னு வந்தா இல்லதானே?

பதில்: ஊசி போன இடத்துல இல்ல, அவ்ளோதான். ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாம், குழாய் ஒண்ணு அடைச்சு திறந்தா அதே இடமே கொஞ்ச நேரத்துல மாறியும் போகலாம்.