அண்டார்டிகா கப்பலில் கோர்ஸ் முடித்தால் கப்பல் டாக்டர் ஆகிவிடலாமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு ஆண்டாக ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவல்டியில் இருக்கிறேன். அண்டார்டிகா போகும் கப்பலிலேயே டாக்டர்களுக்குக் கடல்சார் மருத்துவம் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். கட்டணம் பல லட்சம். கடன் வாங்கியாவது போகலாமா? முடித்தால் கப்பலில் வேலை கிடைக்குமா?

பதில்: வேலைக்காக என்றால் இப்போது வேண்டாம். கடன் வாங்கி என்றால் எப்போதுமே வேண்டாம்.

கப்பலில் டாக்டருக்கு இடம் இருப்பது உண்மைதான். 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. ஆனால் ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் கேஷுவல்டி அனுபவத்தை. பயணிகள் கப்பல்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பின் வழிகாட்டுதல், டாக்டராகப் பதிவு செய்த பின் மூன்று ஆண்டு அனுபவத்தையோ, அவசர சிகிச்சை, பொது மருத்துவம் போன்ற துறைகளில் மேற்படிப்பையோ கேட்கிறது. இன்னும் ஓர் ஆண்டு கேஷுவல்டியில் இருங்கள். இதய அவசரங்களுக்கான ஏசிஎல்எஸ், விபத்துக் காயங்களுக்கான ஏடிஎல்எஸ் பயிற்சிகள் இரண்டையும் முடியுங்கள். பிறகு கப்பலில் வேலை செய்பவர்களுக்கான எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பயிற்சி: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு இதெல்லாம். இந்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. செலவும் அந்த விளம்பரக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் கப்பலில் நடக்கும் பயிற்சி வெறும் சுற்றுலாவா? அப்படியும் சொல்ல மாட்டேன். தரையில் எந்த வகுப்பிலும் பிடிபடாத ஒன்று அங்கே பிடிபடும்: தூரம்.

நம் ஊர் கேஷுவல்டியில் கைமீறினால் ரெஃபர் எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடலாம். அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் புறப்பட்ட கப்பல், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள ட்ரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். அந்தப் பக்கம் கிங் ஜார்ஜ் தீவில் சிலி நாட்டின் விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து சிலியின் புன்டா அரேனாஸ் நகருக்கு நோயாளியை விமானத்தில் அனுப்பலாம். ஆனால் மூடுபனி இறங்கினால் விமானம் வராது. நாள்கணக்கில் வராமலும் போகலாம்.

ஒரு பயணிக்கு அப்பெண்டிசைடிஸ் என்று சந்தேகம் என வைத்துக்கொள்வோம். இந்த ரகக் கப்பல்களில் ஆபரேஷன் தியேட்டர் பொதுவாக இருக்காது. நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றியாயிற்று. கேப்டனிடம் போய் ஸ்கேனில் பார்த்ததையெல்லாம் விளக்கிப் பயனில்லை. அவர் கேட்பது ஒன்றே: “டாக்டர், எத்தனை மணி நேரம் தாங்கும்?” உங்கள் பதிலை வைத்துத்தான் கப்பலைத் திருப்புவதா, விமானத்துக்குச் சொல்வதா, காத்திருப்பதா என்று அவர் முடிவெடுப்பார். இதை ஒத்திகை பார்க்க வைக்கும் பயிற்சிதான் நல்ல பயிற்சி. கரையில் இருக்கும் மருத்துவர்களிடம் ரேடியோவிலும் சாட்டிலைட் போனிலும் ஆலோசனை கேட்பதும் அதில் சேர்த்தி. ரோமில் 1935-ல் தொடங்கிய சிஐஆர்எம் போன்ற மையங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

கணக்கும் போட வேண்டியிருக்கும். நிமோனியா நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் வைத்தால் மணிக்கு 600 லிட்டர். இரண்டு நாளைக்கு 28,800. நாம் ஜம்போ என்று சொல்லும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர்தான். ஒரே நோயாளிக்கு நான்கு சிலிண்டர் போதாது! காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் எத்தனை, எத்தனை லிட்டர் தரும், எவ்வளவு குறைத்தும் நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 92 சதவீதத்தில் நிற்கும் என்பதையெல்லாம் உஷுவாயாவிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுவரில் குழாயைச் செருகிப் பழகியவர்களுக்கு இது புதிது.

அன்றாட வேலை இவ்வளவு பரபரப்பாக இருக்காது. முதல் இரண்டு நாள் வாந்தியும் தலைசுற்றலும்தான் (டாக்டருக்கும் சேர்த்து). காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை நல்ல மருந்து. ஆனால் இந்தப் பயணங்களில் வயதானவர்கள் அதிகம். அதை ஒட்டிய முதியவர் மறுநாள் குழம்பிப் பேசினால் பக்கவாதமோ என்று அலறுவதற்கு முன் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைக்கும். குறுகிய கோண குளுகோமா என்ற கண்நோய் இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது. ரப்பர் படகில் ஏறி இறங்கும்போது மணிக்கட்டு முறிவதும் வழக்கம். வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் புகுந்துவிட்டால் சானிடைசரை நம்பாதீர்கள். சோப்பும் தண்ணீரும், குளோரின் துடைப்பும், அறிகுறி நின்று 48 மணி நேரம்வரை கேபினில் தனிமையும்தான் வழி.

உங்களுக்கு வேலையைவிட அண்டார்டிகாதான் ஆசை என்றால், பணம் கட்டாமல், சம்பளம் வாங்கிக்கொண்டே போகும் வழி ஒன்று உண்டு. கோவாவில் உள்ள துருவ, கடல் ஆய்வுக்கான தேசிய மையம், அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களுக்கு டாக்டர்களை எடுக்கிறது. தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உத்தராகண்டின் ஆவுலியில் பனிப் பயிற்சியும் உண்டு. குளிர்காலத்துக்கும் சேர்த்துத் தேர்வானால் ஓர் ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கோர்ஸ்தான் வேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால், கட்டுவதற்கு முன் நடத்துபவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒத்திகைகள் கப்பலின் மருத்துவ அறையில், அங்குள்ள கருவிகளை வைத்தே நடக்குமா, அல்லது அரங்கில் ஸ்லைடு போட்டு முடித்துவிடுவார்களா? உண்மையான நோயாளியைப் பார்க்க விடமாட்டார்கள். நீங்கள் அங்கே பயணி, கப்பலுக்கென்று தனி டாக்டர் இருப்பார். சொல்லித்தருபவர் கப்பலில் வேலை பார்த்தவரா? பயிற்சிக்கு எந்த அமைப்பு தொடர் மருத்துவக் கல்விப் புள்ளிகள் தருகிறது, அதை உங்கள் மருத்துவ கவுன்சில் ஏற்குமா? கடைசியாக, உங்கள் பயணக் காப்பீட்டில் அண்டார்டிகாவிலிருந்து விமானத்தில் மீட்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை வரிக்கு வரி படியுங்கள்.