ஸ்லோ குக்கர் செய்முறைகளை மூடிய ஸ்டோன்வேர் பாத்திரத்துக்கு மாற்றுவது: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, பெருந்துறையிலிருந்து ஒஹையோவுக்கு வந்த சில வாரங்களிலேயே வீட்டுச் சமையலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. வாடகை வீட்டில் ஓவனும் மூடியுள்ள ஒரு ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பாத்திரமும் இருக்கின்றன, ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேக வைக்கும் மின்சாரப் பாத்திரம்) இல்லை, ஆனால் கைக்குக் கிடைக்கும் செய்முறைகளெல்லாம் ‘லோவில் எட்டு மணி நேரம்’, ‘ஹையில் நான்கு மணி நேரம்’ என்றே சொல்கின்றன, அவற்றை வைத்து வெள்ளாட்டுக் கறிக் குழம்பும் கொள்ளும் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே முடியும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த நான் எலும்போடு கூடிய கறியைப் பெரும்பாலும் இப்படித்தான் வேக வைக்கிறேன்.

முதலில் அந்த ‘லோ’, ‘ஹை’ என்ற சொற்களைக் கண்டு குழம்ப வேண்டாம். பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் இரண்டு நிலைகளுமே கடைசியில் ஏறத்தாழ ஒரே சூட்டை, அதாவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டைத்தான் எட்டுகின்றன; லோவில் அந்தச் சூடு வந்து சேர அதிக நேரம் பிடிக்கிறது என்பதே வேறுபாடு. ஆகவே செய்முறை எந்த நிலையைச் சொன்னாலும் ஓவனை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் வைத்தால் போதும். லோவில் எட்டு மணி நேரம் என்றிருக்கும் கறி, ஓவன் சூடேறிய பின் இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஓவனுக்குள் காற்றாடி ஓடும் வகையாக இருந்தால் 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து வையுங்கள்.

நேரத்தைக் காட்டிலும் தண்ணீர்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்லோ குக்கரில் எழும் ஆவி மூடியில் பட்டுத் திரும்பவும் குழம்புக்குள்ளேயே விழுவதால், அதற்காக எழுதப்பட்ட செய்முறைகளில் தண்ணீரை மிகக் குறைவாகவே சொல்லியிருப்பார்கள். ஓவனின் சூடு கூடுதலானது. ஸ்டோன்வேர் மூடியும் அவ்வளவு இறுக்கமாக உட்காருவதில்லை. அதனால் ஆவி விளிம்பு வழியே போய்க்கொண்டே இருக்கும். அரைக் கப் முதல் ஒரு கப் வரை தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூடிக்கு அடியில், பாத்திரத்தின் வாயளவுக்கு வெட்டிய பார்ச்மென்ட் தாளை (ஓவன் சூட்டைத் தாங்கும் சமையல் தாள்) விரித்துவிட்டால் இழப்பு பெருமளவு குறையும். பாதி நேரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் நன்கு சூடான தண்ணீரை மட்டுமே சேர்க்க வேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊரில் மண்சட்டியை விறகடுப்பில் நேராக ஏற்றிப் பழகிய நமக்கு ஸ்டோன்வேரும் அப்படிப்பட்டதுதான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஸ்டோன்வேர் மிக உயர்ந்த சூட்டில் சுடப்பட்டு இறுகிய களிமண். அது சூட்டை நெடுநேரம் தாங்கும், சூட்டின் திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது. ஒரு பகுதி சட்டென்று விரிந்து மறுபகுதி விரியாமல் நிற்கும்போது பாத்திரம் பிளந்துவிடும். நேரடி அடுப்புக்கென்றே செய்தது என்று தயாரிப்பாளர் சொல்லாதவரை அதை அடுப்பின் மேல் வைக்கவே கூடாது. மேலிருந்து தீயடிக்கும் பிராயிலரின் அடியிலும் கூடாது. வெறும் பாத்திரமாகச் சூடேற்றவும் கூடாது. குளிர்ந்த ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்த பிறகுதான் ஓவனை இயக்க வேண்டும், அப்போது இரண்டும் சேர்ந்தே சூடேறும்; அதற்காக இருபது முதல் முப்பது நிமிடங்களைக் கூடுதலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் ஈரமான கல்மேடையின் மேல் வைக்காமல், மடித்த உலர்ந்த துணியின் மேலோ மரப்பலகையின் மேலோ வைத்து, முழுவதும் ஆறிய பிறகே கழுவுங்கள். மெல்லிய கீறல் ஓடியிருப்பதைக் கண்டால் அன்றோடு அதற்கு ஓவன் வேலை முடிந்தது.

தாளிப்பையும் வதக்கலையும் இதனால் தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தை (கிடைக்காத வாரங்களில் ஷாலட்டை) பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டும் வறுத்து அரைத்த கொத்தமல்லி, மிளகு, சீரகம், மிளகாயும் சேர்த்து, கறியையும் போட்டு அதன் பச்சைத்தன்மை மாறும்வரை பிரட்டுங்கள். ஸ்லோ குக்கர் செய்முறைகள் பல இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லும். நம் குழம்புக்கு அது ஒத்துவராது, மசாலாவின் பச்சை வாசனை கடைசிவரை நிற்கும். பிரட்டியதைச் சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரோடு பாத்திரத்துக்கு மாற்றி, முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் மூடுங்கள். இங்கே ஹலால் கடைகளில் வெள்ளாட்டுக் கறி கிடைக்கும். தோள்பட்டையையோ கால் பகுதியையோ எலும்போடு கேட்டு வாங்குங்கள். அந்தப் பகுதிகளின் சவ்வு மெதுவாகக் கரைந்துதான் குழம்புக்குக் கெட்டித்தன்மையைத் தருகிறது. அதற்கு மூன்று மணி நேரம் வரை ஆனாலும் பொறுத்திருக்கலாம். தேங்காய் அரைத்ததைக் கடைசி இருபது நிமிடங்களுக்கு முன், சுடுநீரில் கரைத்துச் சேர்த்தால் திரியாது.

கொள்ளுக்கு வேறு கவனம் தேவை. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறொரு பாத்திரத்தில் புதுத் தண்ணீர் விட்டு அடுப்பின் மேலேயே பத்து நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட்டு, சற்று ஆறிய பிறகே ஸ்டோன்வேருக்கு மாற்றி ஓவனுக்கு அனுப்புங்கள். ராஜ்மா வாங்கினால் இந்தக் கொதியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சரியாகக் கொதிக்காத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், குறைந்த சூட்டில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. புளியையும் தக்காளியையும் பயறு நன்றாக மசிந்த பின்னரே சேர்க்க வேண்டும், ஏனென்றால் புளிப்பு பட்ட பயறு இறுகிப்போய் மென்மையாக நெடுநேரம் எடுக்கும். வெந்த கொள்ளின் தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பூண்டும் சீரகமும் வரமிளகாயும் சேர்த்து அரைத்துத் தாளித்தால், நீங்கள் வீட்டில் சாப்பிட்ட கொள்ளுப் பருப்பு அப்படியே வரும்.

அரிசியும் பருப்பும் இந்தப் பாத்திரத்தில் அருமையாக அமையும். துவரம்பருப்பை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவையுங்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்கு இந்தப் பாத்திரம் வேண்டாம், சுண்டச் சுண்ட வதங்க வேண்டிய அந்தக் கறிக்குத் திறந்த வாணலிதான் பொருந்தும்.

காலையில் வேலைக்குப் போகும்போது ஓவனில் வைத்துவிட்டு மாலையில் வந்து சாப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆளில்லாத வீட்டில் ஓவனை ஓடவிட வேண்டாம். நேரம் குறித்து மதியம் தானாக இயங்குமாறு வைப்பதும் தவறு, ஏனென்றால் பச்சைக் கறி அத்தனை மணி நேரம் அறைச் சூட்டில் கிடந்தால் கிருமிகள் பெருகிவிடும். வேலை நாட்களில் சமையல் தானாக நடக்க வேண்டுமென்றால் ஒரு ஸ்லோ குக்கர் வாங்குவதே சரி, மின்சாரமும் குறைவாகவே ஆகும். ஸ்டோன்வேரை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே கறியில் மசாலா தடவி வைக்க விரும்பினால் எவர்சில்வர் பாத்திரத்தில் தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் வாணலியில் பிரட்டிச் சூடேற்றி, சற்று ஆறவிட்ட பின், அலமாரியிலிருந்து எடுத்த ஸ்டோன்வேர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.