குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்
ஐயா, 68 வயதான தங்கள் தாயாருடன் செல்லும் வழிகாட்டிச் சுற்றுலாவில், பெருவில் இறங்கியதும் முதல் இரண்டு இரவுகளைக் குஸ்கோவில் கழிப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரிசையை மாற்றித் தரச் சொல்லுங்கள். குஸ்கோ நகரம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வந்திறங்கியதுமே அவ்வளவு உயரத்தில் தங்கினால் உடல் பழகாமல் உயர நோய் வரலாம். இன்கா இடிபாடுகள் உள்ள மச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான். ஆகவே குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேரே, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயந்தாய்தம்போ என்ற ஊருக்குக் காரில் இறங்கி, இரண்டு இரவுகள் தங்கி, ரயிலில் போய் மச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு வரலாம். புறப்படுமுன் மருத்துவரையும் கலந்தாலோசியுங்கள்.

ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளுக்கும் போவதானால், அந்நாட்டின் உயரமான தலைநகர் கீட்டோவைத் தவிர்த்து, கடல்மட்டத்தை ஒட்டிய குவாயாகில் நகரம் வழியே செல்வதே நல்லது. தீவுகளில் விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. கடற்சிங்கங்களுக்கு அது தெரியாது, படகுத்துறை பெஞ்சில் நமக்கு முன்பே நீட்டிப் படுத்திருக்கும்.