ஸ்டார் தீவு: காவலரைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்
பிரபலங்களின் மாளிகைகள் நிறைந்த மயாமி ஸ்டார் தீவின் வாசலில் காவலரைப் பார்த்ததும் காரைத் திருப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது பொதுச்சாலைதான். காவலர் விசாரிக்கலாம், தடுக்க முடியாது. "சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம்" என்றால் போதும்.

ஆனால் உள்ளே போய் என்ன பார்ப்பீர்கள்? ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி, இரும்புக் கதவு, தோட்டக்காரர் வண்டி, அவ்வளவுதான். மாளிகைகளின் அழகெல்லாம் தண்ணீர்ப் பக்கம்தான். அதற்கு மயாமி நகர மையத்தில் கடலோரமாக இருக்கும் பேசைடு மார்க்கெட்பிளேஸ் என்ற கடைவளாகத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகுதான் சரி. சுமார் ஒன்றரை மணி நேரம். மேல்தளத்தில் உட்காருங்கள், தொப்பி கட்டாயம்.

வழிகாட்டி அடுக்கும் பிரபலங்களின் பெயர்களைப் பாதி நம்பினால் போதும், வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அப்புறம், பக்கத்துப் பாம் (Palm) தீவில் பழைய அமெரிக்க மாஃபியா தலைவன் அல் கபோன் வீட்டைத் தேடாதீர்கள், 2023இல் இடித்துவிட்டார்கள்.